இங்கேர்ந்து மூணுதான்டி தெரியுது

சி.க்கு,

முழுப் பெயர் எழுதவில்லை. நம்ம செட் ஆட்களும் இதை வாசிப்பார்கள், அவர்களுக்குத் தெரியும். மற்றவர்களுக்குத் தெரிய வேண்டியதில்லை. குரூப்பில் நீ போட்ட "அது என் படம்" என்ற அந்த ஒற்றை வரிக்கு இங்கே பதில் சொல்லப்போவதும் இல்லை. உன் படம் போட்ட துணிப்பைகளை மறுபடி அச்சுக்குக் கொடுக்கிறேன், அதற்காகத்தான் எழுதுகிறேன்.

1999 ஜனவரி 31, ஞாயிற்றுக்கிழமை. சேப்பாக்கத்தில் பாகிஸ்தானோடு டெஸ்ட். நீ பீச் ரோடு நடைபாதையில் சப்பணமிட்டு உட்கார்ந்து சென்னைப் பல்கலைக்கழகத்து செனட் ஹவுஸை வரைந்துகொண்டிருந்தாய். தாள் பறக்காமல் இருக்க என் செருப்பு இரண்டும் அதன்மேல். யாரோ டிரான்சிஸ்டர் வைத்திருந்தார்கள். சச்சின் அவுட்டானதும் மைதானத்துச் சத்தம் அப்படியே அடங்கிப்போனது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. நீ தலையைக்கூடத் தூக்கவில்லை. "இரு, இந்த வளைவு முடியட்டும்." 12 ரன்னில் தோற்றோம். ஜெயித்தவர்கள் மைதானத்தைச் சுற்றி வந்தபோது நம் ஜனம் எழுந்து கைதட்டியதாமே, அப்போதும் நீ குவிமாடத்துக்கு நிழல் போட்டுக்கொண்டிருந்தாய்.

"நாலு மூலைக்கும் கோபுரம் உண்டே?" என்றேன். "இங்கேர்ந்து மூணுதான்டி தெரியுது."

கட்டடக் கலைஞர் சிசோம் 1874இல் தொடங்கி 1879இல் முடித்த கட்டடம். 1937இல் சட்டசபையே அங்கே கூடியிருக்கிறது. நமக்கோ வெளியே நின்று பார்த்ததோடு சரி. பல்கலைக்கழகத்தின் 150ஆம் ஆண்டை ஒட்டித்தான் அதைப் புதுப்பித்தார்கள். உள்ளே கால் வைக்காத கட்டடத்தின்மேல் உனக்கு அப்படி என்ன பைத்தியமோ.

சரி, பைக்கு வருகிறேன். (டோட் பேக்காம். மஞ்சப்பை காலேஜுக்குப் போய்வந்தால் இந்தப் பெயர்.) உன் பேனாவின் மெல்லிய கோடுகள் ஸ்கிரீன் பிரிண்டிங்கில் நிற்காது, துணியில் மை பரவி ஒரே கறுப்பாகிவிடும் என்றார் அச்சுக்காரர். பாதிக் கோடுகளை எடுத்தோம், மீதியைத் தடிப்பாக்கினோம். மூலையில் இருந்த உன் கையெழுத்தும் அதோடு போனது. வேண்டுமென்றே யாரும் எடுக்கவில்லை. அதைத் திரும்ப வைக்கச் சொல்லி நானும் கேட்கவில்லை, போதுமா?

உன்னிடம் அனுமதி வாங்கவில்லைதான். எந்த நம்பரில் வாங்குவது? அம்மா போனபோது எத்தனை முறை கூப்பிட்டேன்... வேண்டாம், அது இங்கே வேண்டாம். ஆனால் இதை எல்லாரும் கேட்கட்டும்: ஹாஸ்டல் காலி பண்ணின அன்றைக்கு அந்தத் தாளைக் குப்பையில் போட்டவள் நீ. எடுத்து, ரெகார்ட் நோட்டுக்குள் வைத்து, மூன்று வீடு மாறியும் தொலைக்காமல் வைத்திருந்தவள் நான். "அது என் படம்" என்று எழுத உனக்கு ஒரு நிமிஷம் ஆகியிருக்குமா?

இன்னொன்று. அதை யாரும் உன்னிடம் சொல்லியிருக்க மாட்டார்கள். நாலாவது கோபுரத்தையும் சேர்த்துவிடலாம், கம்ப்யூட்டரில் அஞ்சு நிமிஷ வேலை என்றார்கள். கத்தினேன். எல்லாருக்கும் என்மேல் வருத்தம். படம் மூன்று கோபுரத்தோடேயே இருக்கிறது.

தாளில் உள்ள கையெழுத்து இன்னும் நன்றாகத் தெரிகிறது, ஸ்கேன் பண்ணிவிட்டேன். அப்பா இனிஷியலோடு போட்ட பழைய கையெழுத்து. அதையே வைக்கவா, இப்போது எப்படிப் போடுகிறாயோ அப்படி ஒன்று அனுப்புகிறாயா? ஞாயிற்றுக்கிழமை வரை பார்ப்பேன். பதில் வராவிட்டால் பழையதையே கொடுத்துவிடுவேன். அப்புறம் கேட்காமல் செய்தாள் என்று சொல்லாதே.