பளபளப்பில் போகும் பதம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஆயுத பூஜைக்காகப் பரணிலிருந்து இறக்கித் துடைக்கப்படும் பழைய கருவிகளில் பல, பூஜை முடிந்த கையோடு பழைய இரும்புக் கடைக்கு எடைக்குப் போய்விடுகின்றன. அவ்வாறு போகவிடாமல், கோடாலி போன்றவற்றைக் கைப்பேசிக் காணொளிகளைப் பார்த்துத் தாமே புதுப்பித்துக்கொள்ளும் ஆர்வம் என்னைப் போன்ற ஓய்வு பெற்றவர்களிடமும் இளைஞர்களிடமும் இப்போது தென்படுகிறது. வரவேற்கத்தக்க ஆர்வம்தான், ஆனால் நான் பார்த்த காணொளிகள் சொல்லாமல் விட்ட ஒன்றை, என் பிழையையே சான்றாக வைத்து, இங்கே தெரிவிக்க விரும்புகிறேன்.

என் பாட்டனாரின் கோடாலி துருவேறி, காம்பு கரையான் அரித்த நிலையில் கிடைத்தது. அதை ஒரு பட்டறையில் கொடுத்து மின்சாரச் சாணையில் பிடிக்கச் சொன்னேன். கால் மணி நேரத்தில் கண்ணாடிபோல் மின்னியது. வாயோரத்தில் மட்டும் நீலமும் அதையடுத்துச் சாம்பல் நிறமும் படர்ந்திருந்தன. அதையும் ஓர் அழகு என்றே எண்ணிக்கொண்டேன். காய்ந்த புளியங்கட்டையில் போட்ட மூன்றாம் வெட்டிலேயே வாய் மடிந்துவிட்டது.

எங்கள் ஊர்க் கொல்லர் அதன்மேல் அரத்தை ஒருமுறை ஓட்டிப் பார்த்தவுடன் காரணத்தைச் சொல்லிவிட்டார். பதமுள்ள, அதாவது உலையில் சூடேற்றித் தோய்த்துக் கடினமாக்கிய, வாயில் அரம் சிரமப்பட்டே பிடிக்கும். பதம் போன வாயிலோ கட்டையை ராவுவதுபோல் இழுத்துக்கொண்டு போகும். உருக்கைச் சூடாக்கும்போது சுமார் 230 டிகிரி செல்சியஸில் வைக்கோல் நிறம் தோன்றும், 300 டிகிரியை நெருங்குகையில் நீலம் பூக்கும், அதற்கு மேல் சாம்பல் நிறமாகும்; நிறம் மாற மாற உருக்கு இளகிக்கொண்டே போகும். வேகமாகச் சுழலும் சாணைக்கல்லில், மெல்லிய வாய் இந்தச் சூட்டை எட்டச் சில விநாடிகளே போதும். மேலும், பழைய கோடாலிகள் பலவற்றில் உடல் முழுவதும் மெல்லிரும்பு, வாயில் மட்டுமே உருக்கைப் பற்றவைத்திருப்பார்கள். அந்தச் சிறு துண்டை மினுக்கத்துக்காகத் தேய்த்துத் தீர்த்துவிட்டால் மிஞ்சுவது கோடாலி வடிவிலுள்ள ஓர் இரும்புக் கட்டி.

ஆகவே புதியவர்கள் மின்சாரச் சாணையைத் தொடாமலே தொடங்கலாம். சமையலுக்குப் பயன்படும் வினிகரில் ஓர் இரவு ஊறவைத்தால் துரு இளகிவிடும். கம்பித் தூரிகையால் தேய்த்து, சமையல் சோடா கலந்த நீரில் கழுவி, உடனே ஈரம் போகத் துடைத்து எண்ணெய் பூசினால் போதும். துருவுக்கு அடியிலுள்ள கருமையைச் சுரண்ட வேண்டியதில்லை. வாயைக் கை அரத்தாலும் தண்ணீர் விட்ட சாணைக்கல்லாலும் தீட்டலாம். மாலைப்பொழுது முழுவதும் ஆகும், ஆனால் பதம் போகாது.

காம்பு தனிக் கலை. நன்கு காய்ந்த கருவேலங்கட்டையில், மர நாரின் ஓட்டம் கோடாலி வாய்க்கு இணையாக அமையும்படி பார்த்துச் செதுக்க வேண்டும். பச்சை மரத்தில் செய்தால் காய்ந்ததும் சுருங்கி ஆட்டம் காணும். ஆட்டம் கண்ட கோடாலியைத் தண்ணீரில் ஊறப்போடுவது நம் வீடுகளில் வழக்கம். அதனால் மரம் உப்பி அப்போதைக்கு இறுகுமே தவிர, உலர்ந்ததும் முன்னைவிட அதிகமாகத் தளரும். ஆப்பை மாற்றுவதே முறை. (குலத்தைக் கெடுக்க வந்த கோடாலிக்காம்பு என்று பிறரை ஏசும் வழக்கத்தை, ஒரு காம்பைச் செதுக்கிப் பொருத்த இரண்டு நாள் உட்கார்ந்தபின் நான் விட்டுவிட்டேன்.) காம்புக்குப் பூச ஆளிவிதை எண்ணெய் ஏற்றது, தேங்காய் எண்ணெய் உலராமல் பிசுபிசுக்கும். ஆளிவிதை எண்ணெய் துடைத்த துணியை மட்டும் சுருட்டி மூலையில் எறியக் கூடாது. அது தானாகவே சூடேறித் தீப்பற்றக்கூடியது என்பதால் விரித்து உலர்த்திய பிறகே அப்புறப்படுத்த வேண்டும்.

என் கோடாலியை அந்தக் கொல்லர் மீண்டும் உலையிலிட்டு, எண்ணெயில் தோய்த்து, வைக்கோல் நிறம் வரை இதமாகச் சூடேற்றிப் பதப்படுத்திக் கொடுத்தார். இரும்பின் நிறத்தைப் பார்த்தே சூட்டைச் சொல்லும் அவரைப் போன்றவர்களின் பட்டறைகளுக்குத் தங்கள் செய்தியாளர்களை அனுப்பி, பதம் பார்க்கும் முறையையும் காம்பு பொருத்தும் முறையையும் அவர்கள் சொற்களிலேயே, படங்களுடன், தங்கள் ஞாயிறு இணைப்பில் ஆயுத பூஜைக்கு முந்தைய வாரமாவது வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நீண்டநாள் வாசகர்,
ஒட்டன்சத்திரம்