மருமகன் மெஷின் வாங்குவதற்கு முன்னால்

ஆலங்குடி,
மார்கழி மாதம்.

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உன் கடிதம் கிடைத்தது. தங்கச்சிக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது என்று படித்ததும் நிம்மதியாக இருந்தது. இங்கே எல்லோரும் நலம். ஐப்பசியும் கார்த்திகையும் மழை விட்டபாடில்லை. ஒத்துக்கொண்ட வேலையெல்லாம் தேங்கிக் கிடந்து, இப்போதுதான் ஆர்.எஸ்.பதிக் (தைலமரக்) காட்டுக்குள் லாரி இறங்குகிற அளவுக்குத் தரை காய்ந்திருக்கிறது.

நீ கேட்டதற்கு வருகிறேன். மருமகன், அதான் உன் பையன், செயின் ஷா (மரம் அறுக்கிற மோட்டார் ரம்பம்) வாங்கி மரவெட்டு வேலை எடுத்துச் செய்யப் போகிறான், உனக்குப் பயமாக இருக்கிறது என்று எழுதியிருக்கிறாய். வாங்கட்டும் மாப்பிள்ளை. நல்ல தொழில், ஆள் கிடைக்காத தொழில். ஆனால் வாங்குவதற்கு முன்னால் ஒரு பருவம் அவனை என்னிடம் அனுப்பி வை. ஏன் என்று விவரமாகவே எழுதுகிறேன். அவனுக்கும் படித்துக் காட்டு.

நாம் இரண்டு பேரும் ரம்பம் இழுத்த காலத்தில் ஒரு பெரிய புளியமரத்தின் அடியை அறுக்க அரைப்பொழுது ஆகும். பெரியப்பா முதலில் மரத்தை ஒரு சுற்றுச் சுற்றி அண்ணாந்து பார்ப்பார். எந்தப் பக்கம் கிளை கனம், காற்று எங்கிருந்து வருகிறது, மேலே பட்ட கிளை ஏதாவது தொங்குகிறதா என்று பார்ப்பார். கோடாலியைத் திருப்பி அதன் பின்பக்கத்தால் அடிமரத்தைத் தட்டுவார். நிறைந்த மரம் கெட்டியாகச் சத்தம் கொடுக்கும், பொந்து விழுந்த மரம் தொம்மென்று கேட்கும். அதற்கப்புறம்தான் நம்மை ரம்பத்தைப் போடச் சொல்வார். அறுக்கிற அந்த நேரம் முழுக்க மரம் நமக்குச் சொல்லிக்கொண்டே இருந்தது. ரம்பம் கவ்வினால் மரம் நம் பக்கம் உட்காருகிறது என்று அர்த்தம். உள்ளே ஒரு முறுக்குச் சத்தம் கேட்டால் நார் அறுபடத் தொடங்கிவிட்டது. நிறுத்தி, நிமிர்ந்து பார்த்து, ஒரு ஆப்பை இறுக்கி, வேர்வையைத் துடைத்துவிட்டு மறுபடி இழுக்க நமக்கு நேரம் இருந்தது. யாரும் உட்கார வைத்துப் பாடம் நடத்தவில்லை. வேலை மெதுவாக நடந்ததால் தானாகப் பிடிபட்டது.

இப்போது அதே மரத்துக்குச் சில நிமிடம் போதும். முழு வேகத்தில் செயின் நொடிக்கு 20 மீட்டருக்குப் பக்கமாக ஓடுகிறது. மரம் சொல்லி முடிப்பதற்குள் வெட்டு முடிந்துவிடுகிறது. மருமகனைப் பற்றி எனக்கு இருக்கிற கவலை இது ஒன்றுதான். நாம் நிதானமாகக் கற்றுக்கொண்டதை அவன் வெட்டுக்குப் போகும் முன்பே கற்றுக்கொண்டாக வேண்டும்.

மெஷினைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. அந்தச் செயினைக் கையில் எடுத்து நீ உற்றுப் பார்த்திருக்கிறாயா? ஆரம்பத்தில் வந்த செயின்களில் கை ரம்பத்தின் பல்லையே வரிசையாக வைத்திருந்தார்கள். மரத்தைச் சுரண்டும், தூளைச் சரியாக வெளியே தள்ளாது, அடிக்கடி அரம் போட வேண்டும். 1946இல் அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தில் ஜோ காக்ஸ் என்ற மரவெட்டி, ஒரு கட்டையைக் குடைந்துகொண்டிருந்த வண்டுப் புழுவைக் கவனித்தார். அது தன் வளைந்த தாடைகளால் இடமும் வலமுமாகக் கடித்து, நார் ஓடும் திசை, குறுக்குத் திசை என்று பார்க்காமல் தின்றுகொண்டே போனது. அந்தத் தாடை மாதிரியே எஃகில் பல் செய்து, அடுத்த வருடமே விற்பனைக்குக் கொண்டுவந்தார். இன்றைக்கு எந்தக் கம்பெனிச் செயினை எடுத்தாலும் ஒரு பல் இடப்பக்கம், அடுத்தது வலப்பக்கம் என்று இருப்பது அந்தப் புழுவிடமிருந்து வந்தது. ஒரு மனுஷன் தன் வேலையிடத்தில் குனிந்து பார்த்ததால் உலகம் முழுக்க மரவெட்டு மாறியது என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனசு நிறைந்துபோகும்.

ஒவ்வொரு பல்லுக்கு முன்னாலும் ஒரு சின்ன முண்டு இருக்கும், பார்த்திருப்பாய். பல் எவ்வளவு ஆழம் கடிக்கலாம் என்பதை அதுதான் முடிவு செய்கிறது. பையன்கள் வேகமாக வெட்ட வேண்டும் என்று அந்த முண்டை அரத்தால் கண்டபடி தேய்த்துவிடுகிறார்கள். அப்புறம் பல் அளவுக்கு மேல் கடித்து, மெஷின் கையில் துள்ளுகிறது. மருமகன் என்னிடம் வந்தால் முதல் வாரம் அரம் பிடிப்பதோடு சரி. தூளைப் பார்த்தே சொல்லிவிடலாம்: பல் கூராக இருந்தால் நீள நீளமாகச் சீவல் விழும், மழுங்கியிருந்தால் மாவு விழும். மாவு விழும்போது ஆள் மெஷினை அழுத்துவான். அழுத்துகிறவன் நிலை தடுமாறுவான்.

அடுத்தது வெட்டு. விழ வேண்டிய பக்கத்தில் முதலில் ஒரு வாய், அதாவது ஆப்பு வடிவில் ஒரு வெட்டு, எடுக்க வேண்டும், அடிமரத்தின் குறுக்களவில் நாலில் ஒரு பங்கு ஆழத்துக்கு. பிறகு பின்பக்கத்திலிருந்து அறுத்து வந்து, முழுசாக அறுக்காமல் இடையில் ஒரு பட்டை மரத்தை அப்படியே விட வேண்டும். அந்தப் பட்டைதான் கதவுக்குக் கீல் மாதிரி. மரம் சாய்ந்து அந்த வாய் மூடும் வரைக்கும் அதைப் பிடித்துத் திருப்பிக் கொடுப்பது அதுதான். குறுக்களவில் பத்தில் ஒரு பங்கு கனம் இருந்தால் நல்லது. இரண்டு ஓரமும் ஒரே கனமாக இருக்க வேண்டும். ஒரு ஓரம் மெலிந்தால் மரம் கனத்த ஓரத்துப் பக்கமாகச் சுற்றிக்கொண்டு விழும். பையன்கள் செய்கிற பெரிய தப்பு, மெஷின் வேகத்தில் அந்தப் பட்டையையும் அறுத்துவிடுவது. அதற்கப்புறம் அந்த மரத்துக்கு யாரும் பொறுப்பில்லை, அது நினைத்த பக்கம் போகும்.

சாய்ந்து நிற்கிற மரம் இன்னும் மோசம். ஆர்.எஸ்.பதிக்கு உள்ளுக்குள்ளே இழுவிசை அதிகம், உன் சாமில்லில் பலகை அறுக்கும்போதே வாய் பிளப்பதைப் பார்த்திருப்பாய். சாய்ந்த பதியைப் பின்னாலிருந்து சாதாரணமாக அறுத்தால், பாதி அறுப்பதற்குள் மரம் நெடுக்காகப் பிளந்து, பிளந்த பாதி ஆள் உயரத்துக்கு மேலே தூக்கி அடிக்கும். அதற்கு ஒரு முறை இருக்கிறது. வாய் எடுத்த பிறகு, பாரின் (செயின் சுற்றி ஓடுகிற நீளத் தகட்டின்) நுனியை மரத்தின் நடுவில் குத்தி உள்ளே இறக்கி, முன்னால் பட்டையை விட்டு, பின்னால் கொஞ்சம் பிடிமானத்தையும் விட்டுவிட வேண்டும். எல்லாம் சரியாக இருக்கிறது, ஓடுகிற பாதை காலியாக இருக்கிறது என்று பார்த்த பிறகு கடைசியில் அந்தப் பிடிமானத்தை வெட்டினால் மரம் ஒரே மூச்சில் போய்விடும். சுவீடன் மரவெட்டிகள் இதைப் பழக்கமாக வைத்திருந்து மற்ற நாடுகளுக்கும் சொல்லிக்கொடுத்தார்கள். கை ரம்பத்தால் இப்படிக் குத்தி வெட்டவே முடியாது. மெஷின் நமக்குக் கொடுத்த நல்லதில் இதை முதலில் சொல்வேன். ஆனால் நுனியின் மேல் பாதியால் குத்தினால் மெஷின் முகத்துக்குத் திரும்பி அடிக்கும். கீழ்ப்பாதியில் தொடங்கிச் சாய்த்துக் கொண்டுபோக வேண்டும். இதை வீடியோ பார்த்து மட்டும் கற்றுக்கொள்ள முடியாது.

கஜா புயல் வந்தபோது நீ செங்கோட்டைக்குப் போய்விட்டாய். 2018 நவம்பர் 16 விடிந்தபோது இந்தப் பக்கம் பாட்டன் வைத்த பலாவெல்லாம் வேரோடு மல்லாந்து கிடந்தது. பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் தென்னை தோப்பு தோப்பாகப் போய்விட்டது. அப்போதுதான் ஊர் ஊருக்குச் செயின் ஷா வந்து இறங்கியது. நேற்று வரை கொத்து வேலை பார்த்தவன், வண்டி ஓட்டியவன் எல்லாரும் மெஷினோடு தோப்புக்குள் நின்றார்கள். வேறு வழியும் இல்லை. நிற்கிற மரத்தைவிட விழுந்த மரம்தான் ஆளைக் கொல்லும் என்று அவர்களுக்குச் சொல்ல ஆள் இல்லை. விழுந்த பலாவின் வேரும் மண்ணுமாக ஒரு பெரிய வட்டு நிமிர்ந்து நிற்குமே, அதைத் தூக்கிப் பிடித்திருப்பது தரையில் கிடக்கும் மரத்தின் பாரம். அடியை அறுத்துத் துண்டித்த உடனே பாரம் போய்விடும், வட்டு திரும்பப் பள்ளத்துக்குள் சாய்ந்துவிடும். ஒரு தோப்பில் அந்தப் பள்ளத்துக்குள் ஒரு ஆட்டுக்குட்டி நிழலுக்கு ஒதுங்கியிருந்தது. அதை விரட்டிவிட்டு அறுத்தேன். கடைசி நார் விட்டதும் அடிக்கட்டை வேரோடு எழுந்து பழைய இடத்தில் தொப்பென்று உட்கார்ந்தது. என் காலடி மண் அதிர்ந்தது. பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் காலையில் அந்தப் பள்ளத்தில்தான் விளையாடிக்கொண்டிருந்தார்களாம்.

வளைந்து மாட்டிக்கிடக்கும் மரத்திலும் இப்படித்தான். ஒரு பக்கம் நெரிபடும், ஒரு பக்கம் இழுபடும். நெரிபடும் பக்கத்தில் முதலில் கொஞ்சம் வெட்டி, பிறகு இழுபடும் பக்கத்தை மெல்ல விட வேண்டும். மாற்றிச் செய்தால் பார் கவ்விக்கொள்ளும், இல்லையென்றால் மரம் துள்ளும். தென்னையில் இன்னொரு சங்கடம். வெளிச்சுற்று இரும்பு, உள்ளே பஞ்சு. வாய் எடுத்துப் பட்டை விட்டாலும் மற்ற மரம் மாதிரி அதை நம்ப முடியாது. வடம் போட்டு இழுக்காமல் நான் இன்றைக்கும் தென்னையில் கை வைப்பதில்லை.

சுவீடன், பின்லாந்துக் காடுகளில் இப்போது ஆள் தரையில் இறங்குவதே குறைவு. கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்தபடி ஆள் ஒரு பெரிய மெஷினை ஓட்டுகிறார், அதன் ஒரே கை நீண்டு மரத்தைப் பிடித்து, அறுத்து, கிளை உரித்து, அளந்து துண்டு போட்டு அடுக்குகிறது. ஒரு மரத்துக்கு ஒரு நிமிடம்கூட ஆகாது. 2005 ஜனவரியில் கூட்ரூன் புயல் சுவீடனில் ஒரே இரவில் சுமார் ஏழரைக் கோடி கன மீட்டர் மரத்தைச் சாய்த்தது. அந்த மெஷின்கள் இல்லையென்றால் அதை எடுத்திருக்கவே முடியாது. நம் தோப்புகளுக்கு அது வராது. வீட்டுக்கும் கரண்டு கம்பிக்கும் நடுவில் நிற்கிற வேப்பமரத்துக்கு ஆள்தான் போக வேண்டும். அதனால்தான் மருமகனுக்கு இந்தத் தொழில் நிலைக்கும் என்று நம்புகிறேன்.

உன் மில்லுக்கு வந்த பர்மாத் தேக்கைத் தடவிப் பார்த்துக்கொண்டு நின்றோமே, ஞாபகம் இருக்கிறதா? அங்கே அந்தக் காலத்தில் மரத்தை வெட்டுவதற்கு இரண்டு மூன்று வருடம் முன்னாலேயே அடியைச் சுற்றி வைரம் வரைக்கும் வளையமாக வெட்டி விட்டுவிடுவார்கள். மரம் நின்ற இடத்திலேயே காய்ந்துவிடும். பச்சைத் தேக்கு தண்ணீரில் மூழ்கும், காய்ந்தது மிதக்கும். மிதந்தால்தான் ஆற்றில் கொண்டுவர முடியும். மரம் வெட்டுகிறவன் அவ்வளவு முன்னால் யோசித்திருக்கிறான்.

என் கையைப் பற்றிக் கேட்டிருந்தாய். இந்தக் குளிரில் காலையில் மூன்று விரல் நுனி வெள்ளையாகிவிடுகிறது, சட்டைப் பித்தான் போட வரவில்லை. பழைய மெஷினின் அதிர்வு வருடக்கணக்கில் நரம்பிலும் ரத்தக் குழாயிலும் இறங்கியதால் வந்தது என்று டாக்டர் சொன்னார். இப்போதைய மெஷின்களில் கைப்பிடிக்கும் எஞ்சினுக்கும் நடுவில் ஸ்பிரிங்கோ ரப்பரோ வைக்கிறார்கள். மருமகன் வாங்கும்போது அதைப் பார்த்து வாங்கட்டும். முன்னால் இருக்கிற செயின் பிரேக்கைத் தள்ளி, வேலை செய்கிறதா என்று கடையிலேயே ஓட்டிப் பார்க்கட்டும். மலிவு என்று பேர் தெரியாத மெஷினை எடுக்க வேண்டாம், உதிரிப் பாகம் கிடைக்காது. லுங்கியும் செருப்புமாக மெஷின் பிடிக்கிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு வயிறு கலங்குகிறது. கால் சட்டைக்கு மேலே கட்டுகிற பாதுகாப்பு உறை ஒன்று இருக்கிறது. செயின் பட்டால் அதற்குள் இருக்கும் நீள இழைகள் இழுபட்டுப் பல்சக்கரத்தில் சுற்றி மெஷினை நிறுத்திவிடும். அவனுக்கு அதை என் செலவில் வாங்கித் தருகிறேன், நீ மறுக்காதே.

தை பிறந்ததும் பொங்கல் முடிந்து அவனை அனுப்பி வை. கனமான ஷூ ஒன்றும் பழைய முழுக்கைச் சட்டைகளும் எடுத்து வரட்டும். அரிமளம் பக்கம் ஒரு பதிக்காடு ஒத்துக்கொண்டிருக்கிறேன், அங்கே தொடங்கலாம். சாப்பாடு நம் வீட்டில்தான், தங்கச்சியிடம் சொல்லிவிடு. அவன் வரும்போது, உன் மில்லில் ஏழடி நீளத்தில் காய்ந்த தேக்குச் சட்டம் நான்கு இருந்தால் லாரியில் போட்டுவிடு. பின்கட்டு நிலையை மழையில் கரையான் தின்றுவிட்டது. விலையை மட்டும் சரியாக எழுது.

அன்புடன்,
உன் மச்சான்