தோமாவுக்கும் சவேரியாருக்கும் நடுவே யாருமே இல்லையா?

மறைமாவட்ட மறைக்கல்விப் பணிக்குழுவின் மதிப்பிற்குரிய தந்தையருக்கும் அருள்சகோதரிகளுக்கும் வணக்கம்.

எட்டாம் வகுப்பு மறைத்தேர்வு விடைத்தாள்கள் திருத்தி வந்துவிட்டன. 'திருத்தூதர் தோமாவுக்குப் பின் இந்தியாவில் திருச்சபையை வளர்த்தவர் யார்?' என்ற கேள்விக்கு எங்கள் பங்கு மாணவி ஒருத்தி, கொல்லத்தில் கோயில் கட்டிய மருவான் சபீர் ஈசோவைப் பற்றி அரைப் பக்கம் எழுதியிருக்கிறாள். சிவப்பு மையில் ஒரு முட்டை. பக்கத்தில், 'பாடத்தில் இல்லாததை எழுதாதே.' விடைக்குறிப்பில் இருந்த பெயர் புனித சவேரியார்.

பாடத்தில் இல்லை என்பது உண்மைதான். என் குறையே அதுதான். நம் பாடநூலில் கி.பி. 52இல் தோமா வருகிறார், 72இல் மயிலையில் உயிர் துறக்கிறார், அடுத்த பத்தியில் 1542, சவேரியார் கோவாவில் இறங்குகிறார். நடுவிலுள்ள ஏறத்தாழ 1,470 ஆண்டுகளுக்கு ஒரு வரிகூடக் கிடையாது. பிள்ளைகள் கேட்டால் வாத்தியார் என்ன சொல்வது?

அந்தப் பெண் எழுதியது கதையல்ல. 849ஆம் ஆண்டு, சேர மன்னன் தாணு ரவியின் காலத்தில், வேணாட்டை ஆண்ட அய்யனடிகள், சபீர் ஈசோ கொல்லத்தில் கட்டிய தரிசாப்பள்ளிக் கோயிலுக்குக் கொடுத்த செப்பேடு இன்றும் இருக்கிறது. வட்டெழுத்தில், தட்டுத் தடுமாறியாவது நாம் பொருள் பிடித்துவிடக்கூடிய மொழியில். நிலம், அதில் உழைக்கும் குடிகள், நகரத்து அளவைக் கருவிகளைக் காக்கும் பொறுப்பு எல்லாம் ஒரு கோயிலுக்குத் தரப்படுகின்றன. சாட்சிக் கையெழுத்துகளைப் பாருங்கள்: அரபியில் சிலர், பாரசீகத்துப் பஹ்லவியில் சிலர், எபிரேய எழுத்தில் சிலர். பல சமயத்து வணிகர்கள் ஒரு கோயிலுக்காகக் கையெழுத்திட்ட ஆவணத்தை எழுதியதற்கு முட்டை போட்டிருக்கிறோம்.

அவ்வளவு தூரம்கூடப் போக வேண்டாம். பரங்கிமலைக் கோயில் பீடத்தில் பதித்திருக்கும் கற்சிலுவையைச் சுற்றி ஓடுவது பஹ்லவி எழுத்து. 1547இல் போர்த்துகீசியர் அங்கே தோண்டியபோது கிடைத்தது. அவர்கள் வருவதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே யாரோ அங்கே செபித்திருக்கிறார்கள். ஆறாம் நூற்றாண்டில் கோஸ்மாஸ் என்ற அலெக்சாந்திரியக்காரர் இலங்கையில் பாரசீகக் கிறித்தவர்களுக்குக் கோயிலும் குருவும் இருந்ததை எழுதிவைத்தார். பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் மார்க்கோ போலோ, தோமா மாண்ட இடத்து மண்ணைக் கரைத்துக் காய்ச்சல்காரர்களுக்குக் கொடுக்கும் வழக்கத்தைச் சொல்கிறார். ஏறக்குறைய அதே காலத்தில் பிரான்சிஸ்கன் துறவி மோந்தெகோர்வினோ ஜான் சீனாவுக்குப் போகும் வழியில் இங்கே 13 மாதம் தங்கி, ஏறத்தாழ நூறு பேருக்குத் திருமுழுக்குக் கொடுத்து, தன் தோழர் நிக்கோலாவைத் தோமா கோயிலில் அடக்கம் செய்துவிட்டுப் போனார். ஆமாம், அவர் உரோமை வழியிலான இலத்தீன் துறவிதான். அவரையாவது சேர்த்திருக்கலாமே?

இந்த ஆண்டுகள் விடுபட்டது ஏன் என்று எனக்கும் ஓரளவு தெரியும். கொல்லத்திலும் பரங்கிமலையிலும் செபித்தவர்கள் பாரசீகத் திருச்சபையைச் சேர்ந்தவர்கள். 431 எபேசுப் பொதுச்சங்கத்துக்குப் பின், கிறிஸ்துவைப் பற்றிய போதனைக்காக 'நெஸ்தோரியர்' என்று ஒதுக்கப்பட்டவர்களின் வழி. அதற்காகத்தான் 1599இல் கேரளத்து உதயம்பேரூரில் கூடிய திருச்சபைச் சங்கம் அவர்களின் சுரியானி மொழி நூல்களை நெருப்பில் போடச் சொன்னது. ஆனால் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுலே 1994இல் அந்தச் சபையின் முதுபெரும் தந்தை நான்காம் மார் தின்காவோடு சேர்ந்து, கிறிஸ்துவைப் பற்றி நம் இருவரின் விசுவாசமும் ஒன்றே என்று கையெழுத்திட்டுவிட்டார். உரோமைக்கு இல்லாத தயக்கம் நம் அச்சகத்துக்கு ஏன்?

சவேரியார் மேல் எனக்கு மனத்தாங்கல் எதுவும் இல்லை. அவர் கரையேறும் முன்பே முத்துக்குளித்துறைப் பரதவர்கள் திருமுழுக்குப் பெற்றிருந்தார்கள் என்பதும் பாடத்தில் இல்லை, அதைக்கூட இப்போது விட்டுவிடுகிறேன். இடம் போதவில்லை என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். முதல் ஆறு பக்கமும் வாழ்த்துரைதான், ஒவ்வொன்றுக்கும் வண்ணப் படம். மூன்றாவது வாழ்த்துரையும் நான்காவதும் ஏறக்குறைய ஒரே வாக்கியங்கள். அதில் ஒன்றைக் குறைத்தாலே கொல்லத்துக்கு இடம் கிடைத்துவிடும். திருச்சபை என்றாலே கப்பலில் ஐரோப்பாவிலிருந்து வந்தது என்று வெளியே யாராவது பேசினால் மேடை போட்டுக் கண்டிக்கிறோம். பிள்ளைகளுக்கு நாமே அச்சடித்துக் கொடுப்பது என்னவாம்?

சரி, கோபத்தில் நீளமாகிவிட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள். நான் கேட்பது இவ்வளவுதான்: தோமாவுக்கும் சவேரியாருக்கும் நடுவே உள்ள காலத்துக்கு இரண்டு பக்கம் கொடுங்கள். பரங்கிமலைச் சிலுவை, கொல்லம் செப்பேடு, பாரசீகத் திருச்சபை மூன்றும் அதில் இருக்கட்டும். வரைவு எழுதித்தர எங்கள் பங்கிலேயே ஆள் இருக்கிறோம், ஊதியம் வேண்டாம். புதிய பதிப்பு அச்சுக்குப் போகுமுன் ஒரு கூட்டத்துக்கு அழைத்தால் செப்பேட்டின் படங்களோடு வருகிறேன்.

ஆண்டவரில் அன்புடன்,
ஒரு மறைக்கல்வி ஆசிரியர்