இரண்டாம் கோல்கீப்பர் சும்மா இருப்பதில்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் நாளிதழின் விளையாட்டுப் பக்கத்தில் கடந்த வாரம் வெளிவந்த ‘ஆடாமலே சம்பளம்’ என்ற கட்டுரையைப் படித்தேன். பெரிய கால்பந்து கிளப்புகளில் ஆண்டுக்கணக்கில் மாற்று கோல்கீப்பராகவே இருந்து ஓய்வு பெறுகிறவர்களை ‘உலகத்திலேயே சுகமான வேலை பார்ப்பவர்கள்’ என்று உங்கள் எழுத்தாளர் கேலி செய்திருக்கிறார். மான்செஸ்டர் சிட்டியின் ஸ்காட் கார்சனை உதாரணம் காட்டுகிறார். 2019 முதல் 2025 வரை அங்கே இருந்த கார்சன் அந்த அணிக்காக இரண்டே ஆட்டங்களில் களமிறங்கினார். கணக்கு சரி. அந்தக் கணக்கை வைத்துக்கொண்டு உங்கள் எழுத்தாளர் வந்து சேர்ந்த முடிவுதான் சரியில்லை.

நானும் அந்தச் ‘சுகமான வேலை’யில் இருந்தவன். தொழில்முறை ஆட்டக்காரனாக என் காலத்தில் பெரும்பகுதி இரண்டாம் கோல்கீப்பராகவே கழிந்தது. பிறகு கோல்கீப்பர்களுக்குப் பயிற்சி கொடுத்துவிட்டு ஓய்வு பெற்றேன். என் வலது கைச் சுண்டுவிரல் இன்றும் நேராக நிற்காது. சட்டைப் பொத்தான் போடும்போது இடைஞ்சல் செய்யும். அந்த விரல் இடம் பெயர்ந்தது பார்வையாளர் ஒருவர்கூட இல்லாத ஒரு காலைப் பயிற்சியில்.

உங்கள் எழுத்தாளருக்குப் புரியாத முதல் விஷயம், இந்தத் தொழிலில் இடம் எவ்வளவு குறைவு என்பது. களத்தில் இறங்கும் பதினொரு பேரில் பத்துப் பேரை இடம் மாற்றி ஆட வைக்கலாம். இடப்புறம் ஆடுபவரை வலப்புறம் அனுப்பலாம், முன்வரிசைக்காரரைப் பின்னுக்கு இழுக்கலாம், இரண்டாம் பாதியில் களைத்தவரை வெளியே எடுத்துவிட்டு வேறொருவரை இறக்கலாம். கோல் கம்பங்களுக்கு நடுவே நிற்பவர் ஒருவர்தான். அவருக்குக் காயம் பட வேண்டும், அல்லது சிவப்பு அட்டை விழ வேண்டும், அல்லது தொடர்ந்து சொதப்ப வேண்டும். இந்த மூன்றும் நடக்காவிட்டால் மாற்று கோல்கீப்பருக்கு வழியே இல்லை. ஜெர்மனியின் கோல்கீப்பர் செப் மயர் 1966 முதல் 1979 வரை பேயர்ன் மியூனிக் அணிக்காகத் தொடர்ந்து 442 லீக் ஆட்டங்கள் ஆடினார். நடுவில் ஒன்றைக்கூட விடவில்லை. அந்தச் சாதனையை எழுதாத பத்திரிகை இல்லை. அந்தப் பதின்மூன்று ஆண்டுகளும் அவருக்கு மாற்றாகக் காத்திருந்தவர்களின் பெயரை உங்கள் அலுவலகத்தில் யாராவது சொல்லிவிட்டால் நான் இந்தக் கடிதத்தைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். கடைசியில் மயரை நிறுத்தியதும் ஒரு கார் விபத்துதான்.

‘திறமை இருந்தால் வேறு கிளப்புக்குப் போக வேண்டியதுதானே’ என்று கேட்டிருக்கிறார். பலர் போகிறார்கள். எனக்கும் கீழ்ப்பிரிவு அணி ஒன்றிலிருந்து அழைப்பு வந்தது. முதல் கோல்கீப்பர் இடமே தருவதாகச் சொன்னார்கள். நான் போகவில்லை. தினமும் காலையில் நாட்டின் மிகச் சிறந்த முன்வரிசைக்காரர்கள் அடிக்கும் பந்துகளைத் தடுப்பதை விட்டுவிட்டு வேறெங்கோ போக எனக்கு மனம் வரவில்லை. அதற்காக வருந்தியதும் கிடையாது. நான் வருந்தியே தீர வேண்டும் என்று எதிர்பார்க்கிறவர்களைக் கண்டால்தான் எரிச்சல் வருகிறது.

சரி, இரண்டாம் கோல்கீப்பர் என்னதான் செய்கிறார்? ஆட்டத்துக்கு முன் நடக்கும் பயிற்சியைக் கொஞ்சம் உற்றுப் பார்க்கச் சொல்லுங்கள். மற்ற வீரர்களுக்கு முன்பாகவே கோல்கீப்பர்கள் மைதானத்துக்கு வந்துவிடுவார்கள். விரல்களுக்கு டேப் சுற்றியாகிவிட்டிருக்கும். கையுறையின் உள்ளங்கைப் பகுதி காய்ந்திருந்தால் பந்து வழுக்கும் என்பதால் அதில் தண்ணீர் தெளித்துத் தேய்ப்பார்கள். பிறகு இரண்டாமவர் பந்தை வைத்துக்கொண்டு முதலாமவருக்கு அடித்துக் கொடுப்பார். முதலில் நெஞ்சுக்கு நேராக, பிறகு இடுப்புயரத்தில், பிறகு ஓரங்களிலிருந்து கோலுக்கு முன்னால் உயரமாக வந்து விழும் கிராஸ்கள். அவர் அடிக்கும் பந்து முதலாமவரைத் திணறடிக்கவும் கூடாது, பூப்போல மடியில் வந்து விழவும் கூடாது. முயன்றால் பிடிக்கக்கூடிய தூரத்தில், முயலாவிட்டால் கோலாகிவிடும் வேகத்தில் வர வேண்டும். அப்போதுதான் அன்றைய ஆட்டத்துக்கு அந்தக் கைகள் தயாராகும். யாருடைய இடத்தை நாம் விரும்புகிறோமோ அவருடைய தன்னம்பிக்கையை நம் காலாலேயே வளர்த்து அனுப்பிவிட்டு, பெஞ்சில் போய் உட்கார வேண்டும். இதைப் பொறாமை இல்லாமல் செய்யக் கற்றுக்கொள்ள எனக்குச் சில ஆண்டுகள் பிடித்தன. முழுக்கக் கற்றுக்கொண்டேனா என்பதை என்னோடு ஆடியவர்களிடம்தான் கேட்க வேண்டும்.

1992-ல் விதி மாறியது. சொந்த அணிக்காரர் வேண்டுமென்றே காலால் திருப்பித் தரும் பந்தை கோல்கீப்பர் கையால் தொடக் கூடாது என்றார்கள். எங்கள் முதல் கோல்கீப்பர் என்னைவிட மூத்தவர். கையில் மந்திரம், காலில் மரக்கட்டை. அந்தக் கோடை முழுவதும் அவரும் நானும் மைதானத்தின் ஒரு மூலையில் பந்தைக் காலால் தட்டிக்கொண்டிருந்தோம். நான் வேகமாக ஓடி நெருங்குவேன். அவர் பந்தை நிறுத்தி, தலையைத் தூக்கிப் பார்த்து, இடது காலால் விலக்கி அனுப்ப வேண்டும். அவர் தேறினார். தேறியதால் மேலும் சில ஆண்டுகள் அந்த இடத்தை விடவே இல்லை! ஆக, எனக்கு வர வேண்டியதை நானே அடைத்துக்கொண்டேன் என்று என் தம்பி இன்றும் கிண்டல் செய்வான்.

கோப்பைப் போட்டிகளின் தொடக்கச் சுற்றுகளை இரண்டாம் கோல்கீப்பருக்குக் கொடுப்பது பல கிளப்புகளில் வழக்கம். ஓர் ஆண்டு அப்படி ஒவ்வொரு சுற்றாக ஆடி அரையிறுதியிலும் வென்றோம். இறுதி ஆட்டத்துக்கு முந்தைய நாள், உடை மாற்றும் அறைக்கு வெளியே நடைபாதையில் வைத்து, ‘நாளை அவர் ஆடுகிறார்’ என்று பயிற்சியாளர் சொல்லிவிட்டுப் போனார். நின்றுகூடச் சொல்லவில்லை. அவருடைய முடிவைக் குறை சொல்ல மாட்டேன். நானும் பின்னாளில் அதே முடிவுக்குப் பரிந்துரை செய்திருக்கிறேன். ஆனால் அப்படி இடம் இழந்த பையனை உட்கார வைத்துப் பேசினேன்.

மாற்று கோல்கீப்பர் எப்போது தேவைப்படுவார் என்று யாருக்கும் தெரியாது. 2006 அக்டோபர் 14 அன்று ரெடிங் அணிக்கு எதிரான ஆட்டம் தொடங்கியதுமே செல்சியின் முதல் கோல்கீப்பர் பெட்ர் செக்குக்கு மண்டையோட்டில் முறிவு ஏற்பட்டது. மாற்று கோல்கீப்பர் கார்லோ குடிசினி இறங்கினார். ஆட்டம் முடியும் தறுவாயில் அவரும் மோதி நினைவிழந்தார். பின்வரிசை வீரர் ஜான் டெர்ரி கையுறை மாட்டிக்கொண்டு மிச்ச நேரத்தை ஓட்டினார். நான்கே நாளில் பார்சிலோனாவுடன் ஆட்டம். மூன்றாம் கோல்கீப்பர் ஹிலாரியோ நின்றார். செல்சி 1-0 என்று வென்றது. அதுவரை அவரையும் ‘ஆடாமலே சம்பளம்’ வாங்குபவர் என்றுதானே எழுதியிருப்பீர்கள்?

களத்தில் கால் வைக்காமலே கோலைத் தடுத்தவரும் உண்டு. 2010 ஏப்ரலில் பென்ஃபிகாவுக்காக ஆஸ்கர் கார்டோஸோ, லிவர்பூலின் கோல்கீப்பர் பெப்பே ரெய்னாவுக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் இரண்டு பெனால்டிகளைக் கோலாக்கினார். அந்த ஜூலையில் உலகக் கோப்பைக் காலிறுதி. ஸ்பெயினுக்கு எதிராக பராகுவேக்கு ஒரு பெனால்டி; அடிக்க வந்தவர் அதே கார்டோஸோ. ரெய்னா ஸ்பெயினின் மாற்று கோல்கீப்பர். அந்த உலகக் கோப்பையில் ஒரு நிமிடம்கூட ஆடாதவர். கார்டோஸோ எந்தப் பக்கம் அடிப்பார் என்று அவர் முன்பே சொல்லி வைத்திருந்தார். ஸ்பெயினின் முதல் கோல்கீப்பர் கசியாஸ் பந்தைப் பிடித்தார், ஸ்பெயின் 1-0 என்று தப்பியது, பிறகு கோப்பையையே வென்றது. ரெய்னா சொன்னது உதவியதாக கசியாஸே வெளிப்படையாகச் சொன்னார்.

கோல்கீப்பர்களின் வயதைப் பற்றியும் உங்கள் கட்டுரையில் ஒரு குத்தல் இருந்தது. கோல்கீப்பர் டினோ சோஃப் 40 வயதில் இத்தாலிக்குத் தலைமை ஏற்று 1982 உலகக் கோப்பையை வென்றார் என்பதை மட்டும் நினைவூட்டுகிறேன். எகிப்தின் கோல்கீப்பர் எஸ்ஸாம் எல் ஹதாரி 2018 உலகக் கோப்பையின் முதல் இரண்டு ஆட்டங்களிலும் பெஞ்சில்தான் இருந்தார். மூன்றாவதில், 45 வயதில், இறங்கி ஒரு பெனால்டியைத் தடுத்தார்.

நான் கேட்பது மறுப்புச் செய்தி இல்லை. அணிப்பட்டியல் வெளியிடும்போது மாற்று கோல்கீப்பரின் பெயரை இடமில்லை என்று வெட்டிவிடுகிறீர்கள். அதைச் சேர்த்துப் போடுங்கள். ஒரு கோல்கீப்பர் பெனால்டியைத் தடுத்துவிட்டுப் பேட்டி கொடுக்கும்போது, அந்த வாரம் அவருக்குப் பந்து அடித்துக் கொடுத்தவர் யார் என்று உங்கள் நிருபர் ஒரு கேள்வி கேட்கட்டும். கட்டுரை எழுதியவர் விரும்பினால் ஒரு நாள் காலைப் பயிற்சிக்கு அழைத்துப் போக ஏற்பாடு செய்கிறேன். கையுறையை அவரே கொண்டுவரட்டும். என்னுடையது அவருக்குப் பொருந்தாது.

இப்படிக்கு,
ஒரு முன்னாள் இரண்டாம் கோல்கீப்பர்