உறைபனிச் செய்தியில் உள்ளூர் மக்களுக்கும் இடம் வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நவம்பர் பிறந்துவிட்டால் தங்கள் நாளிதழின் நீலகிரிப் பக்கத்தில் உறைபனிச் செய்தி தவறாமல் இடம்பெறுகிறது. தலைகுந்தாவில் புல்வெளி வெள்ளை விரித்தாற்போல் கிடப்பதும், கார்களின் மேல் படிந்த பனியைச் சுற்றுலாப் பயணிகள் கையில் அள்ளிப் படம் எடுத்துக்கொள்வதும், அவலாஞ்சியில் வெப்பநிலை எவ்வளவு இறங்கியது என்பதும் அதில் இருக்கும். அதைப் பார்த்துத்தான் பலர் உதகைக்கு வருகிறார்கள். அதனால் பலருக்குப் பிழைப்பு நடக்கிறது. அதில் எனக்குக் குறை ஏதும் இல்லை. ஆனால் 36 வார்டுகளும், 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி 88 ஆயிரத்துக்கும் மேற்பட்ட மக்களும் கொண்ட இந்த நகரத்தில் அந்தப் பனியோடு இரவைக் கழித்து, விடிவதற்குள் வேலைக்குப் போக வேண்டியவர்களுக்குத் தேவையான செய்தி அதே பக்கத்தில் அரிதாகவே வருகிறது என்பதைத் தங்கள் கவனத்துக்குக் கொண்டுவர விரும்புகிறேன்.

முதலாவதும் மிக அவசரமானதும் கரிநெருப்பைப் பற்றியது. குளிர் தாங்காமல் இரும்புச் சட்டியில் அடுப்புக்கரியை மூட்டி, அதைப் படுக்கும் அறைக்குள் வைத்துக் கதவையும் சன்னலையும் அடைத்துக்கொண்டு உறங்கியவர்கள் காலையில் எழாமலே போன துயரம் நம் மலையில் மீண்டும் மீண்டும் நேர்ந்திருக்கிறது. நடந்த மறுநாள் அது செய்தியாகிறது; அடுத்த நாள் மறக்கப்படுகிறது. புகை அடங்கிக் கங்கு மட்டும் கனன்றால் ஆபத்து தீர்ந்தது என்று பெரும்பாலோர் நம்புகிறார்கள். உண்மையில் புகையே இல்லாத அந்தக் கங்கிலிருந்துதான் நிறமும் மணமும் அற்ற கார்பன் மோனாக்சைடு வந்துகொண்டிருக்கிறது. ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்க வேண்டிய ஹீமோகுளோபினை அது ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கும் மேலான வலுவோடு பற்றிக்கொள்கிறது. விழித்திருப்பவருக்காவது தலைவலியும் குமட்டலும் தலைசுற்றலும் எச்சரிக்கையாக அமையும். உறங்குபவருக்கு அந்த எச்சரிக்கையும் கிடைப்பதில்லை.

இதில் சிக்கிக்கொள்வோர் பெரும்பாலும் இந்தக் குளிருக்குப் பழகாதவர்கள். ஜார்க்கண்ட், அசாம் போன்ற மாநிலங்களிலிருந்து தேயிலைத் தோட்ட வேலைக்கு வந்து ஒரே அறையில் பலராகத் தங்கியிருப்பவர்கள், கட்டட வேலைக்குச் சமவெளியிலிருந்து வந்தவர்கள், காட்டேஜ்களில் தங்கும் பயணிகள், அவர்களை அழைத்துவந்த ஓட்டுநர்கள் ஆகியோருக்கு யார் இதைச் சொல்கிறார்கள்? டிசம்பர் முதல் பிப்ரவரி வரை, நகரில் குப்பை சேகரிக்க வரும் வாகனங்களின் ஒலிபெருக்கியிலேயே இந்த எச்சரிக்கையைத் தமிழிலும் இந்தியிலும் ஒலிக்கச் செய்யுமாறு நகராட்சியைக் கேட்டுக்கொள்கிறேன். தங்கும் விடுதிகளிலும் தோட்டக் குடியிருப்புகளிலும் ஒட்டுவதற்கு ஒரு பக்க அறிவிப்பு போதும்: கரிச்சட்டியைப் படுக்கையறைக்குள் கொண்டுவரக் கூடாது, வேறு அறையில் குளிர்காய்வதாயின் சன்னலைத் திறந்து வைத்து, உறங்கும் முன் சட்டியை வெளியே வைத்துவிட வேண்டும், யாரேனும் மயங்கிக் கிடந்தால் உடனே கதவுகளைத் திறந்து, அவரைத் திறந்த வெளிக்குக் கொண்டுவந்து 108-ஐ அழைக்க வேண்டும்.

அடுத்தது, வானிலைச் செய்தி வெளியாகும் நேரம். நேற்றைய உறைபனியின் படம் பயணிக்குப் பயன்படும். விவசாயிக்கு வேண்டியது இன்றிரவு என்ன ஆகும் என்பதுதான். நீலகிரியிலும் கொடைக்கானலிலும் உறைபனி ஏற்படக்கூடும் என்று சென்னை வானிலை ஆய்வு மையம் முன்கூட்டியே அறிவிக்கிறது. மேகம் இல்லாமல், காற்றும் அசையாத இரவுகளில் பள்ளமான இடங்களிலும் சதுப்பை ஒட்டிய நிலங்களிலும் பனி கடுமையாக விழும். தேயிலைக் கொழுந்தில் படிந்த பனியின்மேல் வெயில் ஏறுவதற்குள் தண்ணீர் தெளித்துக் கழுவிவிட்டால் கருகலைக் குறைக்கலாம். கருகிவிட்டால் மறுபடி துளிர்க்கும் வரை சிறு தேயிலை விவசாயிக்குப் பறிப்பு இல்லை, வருமானமும் இல்லை. அந்த முன்னறிவிப்பை முதல் பக்கத்திலேயே பெரிதாக வெளியிட்டால் மருந்துக்கு இணையான உதவி அது.

விடியலுக்கு முன்பே தெருவில் இறங்கும் தூய்மைப் பணியாளர்களையும் இங்கே குறிப்பிட வேண்டும். ஈரக் குப்பையை அந்தக் குளிரில் கையாளுவோருக்கு நீர் புகாத கையுறையும் பூட்ஸும் கம்பளி உடையும் பனிக்காலம் தொடங்கும் முன்பே கிடைக்க வேண்டும். உறைபனி அறிவிக்கப்பட்ட நாள்களில் வேலை தொடங்கும் நேரத்தைச் சற்றுத் தள்ளிவைப்பதையும் நகர்மன்றம் பரிசீலிக்க வேண்டும். காலை ஏழு மணிக்குள் கமர்சியல் சாலை துடைத்து வைத்தாற்போல் இருக்க வேண்டும் என்பதற்காக ஒருவர் கை விறைத்து நிற்பது நியாயமல்ல.

குடிநீரைப் பற்றியும் ஒரு வார்த்தை. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்தபின் கோடை மழை வரும் வரை பார்சன்ஸ் வேலி, மார்லிமந்து உள்ளிட்ட அணைகளில் இருப்பதைக் கொண்டே நகரம் காலம் தள்ள வேண்டும். மே மாத மலர்க் கண்காட்சிக் கூட்டத்துக்கும் அதே தண்ணீர்தான். ஆகவே அணைகளின் நீர்மட்டத்தையும் எந்த வார்டுக்கு எந்த நாளில் தண்ணீர் திறக்கப்படும் என்பதையும் ஜனவரியிலிருந்தே வாரம் ஒருமுறை வெளியிட்டால் மக்கள் சிக்கனமாக இருக்க முடியும்.

சென்னை உயர் நீதிமன்றத்தின் உத்தரவுப்படி 2024 மே 7 முதல் நடைமுறைக்கு வந்த, நீலகிரிக்கு வரும் வெளியூர் வாகனங்களுக்கான இ-பாஸ் பற்றிய விவரங்கள் வெளியூர்க்காரர்களுக்கு எவ்வளவு தெளிவாகச் சென்று சேர்ந்தன என்பதை நாம் பார்த்தோம். மாவட்ட நிர்வாகமும் நாளிதழ்களும் சேர்ந்தால் ஒரு தகவலை மூலை முடுக்கெல்லாம் கொண்டுசெல்ல முடியும் என்பதற்கு அது நல்ல சான்று. அதே அக்கறையை இந்தப் பனிக்காலத்தில் உள்ளூர் மக்களிடமும் காட்ட வேண்டுகிறேன். நாள்தோறும் உறைபனிப் படத்துக்குக் கீழேயே ஒரு சிறு கட்டம் ஒதுக்கி, அன்றிரவுக்கான முன்னறிவிப்பையும் குடிநீர் விவரத்தையும் கரிநெருப்பு எச்சரிக்கையையும் வெளியிடுங்கள். வார்டு மக்கள் கூடிக் குறைகளைப் பேசும் அடுத்த ‘பகுதி சபை’க் கூட்டங்களில் இந்தக் கோரிக்கைகளை எழுப்புமாறு என்னைப் போன்ற வாசகர்களையும் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
காந்தல் பகுதி வாசகர்,
உதகமண்டலம்.