"டிரான்ஸ்ஃபர்" எண்டு ஒத்த வரியில எழுதுற அண்ணமாருக்கு ஒரு திறந்த மடல்

மட்டக்களப்பு டவுன்லயும் கல்லடி, கல்முனைப் பக்கமும் கடை போட்டு வெளிநாட்டு டூருக்கு பிளான் போட்டுக் குடுக்கிற அண்ணமார் தம்பிமார் எல்லாருக்கும்,

வணக்கம். நான் யாரையும் பேர் சொல்லி இழுக்க வரல்ல. எங்களுக்கு பிளான் போட்டுத் தந்தவருக்கு இத வாசிச்சா விளங்கும், மத்தாக்களும் ஒருக்கா வாசிங்க, ஏனெண்டா வந்து விசாரிச்சுப் பாத்தா ரெண்டு மூணு பேர்ட பேப்பர்லயும் அதே வரிதான் கிடக்கு.

என்ன வரியெண்டா, "நாள் 5: பினாங்கு – கிராபி டிரான்ஸ்ஃபர்." மலேசியாவுல இருக்கிற பினாங்குல இருந்து எல்லை தாண்டி தாய்லாந்துல இருக்கிற கிராபிக்குப் போற நாளுக்கு அவ்வளவுதான். நாலாம் நாளுக்கு எங்க நிண்டு போட்டோ எடுக்கிற, எந்தக் கடையில நாசி கண்டார் சாப்பிடுற எண்டு அரைப் பக்கம் எழுதியிருந்தீங்க. அஞ்சாம் நாளுக்கு ஒத்த வரி. நானும் என்ன நினைச்சன், ஏதோ கல்லடிப் பாலத்தால டவுனுக்குப் போய் வாற மாதிரி ஒரு அலுவல் எண்டுதான்.

போனது நான், இவர், 9 வயசு மகள், 4 வயசு மகன், 67 வயசு மாமி. யூடியூப் பாத்துப் பாத்து இவருக்கு குடும்பமா பேக்பேக்கிங் போற ஆசை வந்து, சூட்கேஸ் வேணாம் எண்டு ஆளுக்கொரு முதுகுப் பேக், மாமிக்கு மட்டும் சின்னது, ஆனா அவ அதுக்குள்ள முறுக்கு, ஓமத் தண்ணி, மாமாங்கத்துத் திருநீறு எல்லாம் அடைஞ்சு வெச்சிருந்ததால அதுதான் எல்லாத்தையும் விட பாரம்.

விடிய எங்கள்லயும் பிழை இருக்கு, மறைக்கல்ல. பினாங்குட ஜோர்ஜ் டவுன்ல குயின் வீதியில 1833ல கட்டின மாரியம்மன் கோயில் இருக்கு, போற நாள் வெள்ளிக்கிழமையா வேற போச்சு, மாமி இன்னொருக்கா கும்பிடாம வரமாட்டன் எண்டு நிண்டுட்டா. அதால ரூமை விட்டு வெளிக்கிட 8.30. அங்கால ஃபெரியில (கப்பல் பாதையில) ஏறி அக்கரையில இருக்கிற பட்டர்வொர்த். எங்கட குறுமண்வெளி மண்டூர் பாதையில போற மாதிரித்தான், கொஞ்ச நேரம், காத்து, மகன் சந்தோசமா இருந்த கடைசி இடம் அதுதான். இறங்கி ஸ்டேஷனுக்கு நடந்து போகக்குள்ள கோச்சி வெளிக்கிட்டுட்டு. அடுத்தது வரும் வரைக்கும் குந்தியிருந்தம்.

பட்டர்வொர்த்ல இருந்து எல்லை ஊரான படாங் பெசாருக்கு ரெண்டு மணித்தியாலத்துக்குக் கொஞ்சம் குறைய. நல்ல கோச்சி, ஏசி, வயல் பாத்துக்கொண்டு போகலாம், கிரான் வாழைச்சேனைப் பக்கம் மாதிரியே இருக்கு. குறை சொல்ல ஒண்டுமில்ல.

குறை எல்லாம் இறங்கின பொறகு.

நீங்க தந்த பேப்பர்ல படாங் பெசார்ல இருந்து தாய்லாந்துப் பக்கம் இருக்கிற ஹட்யாய்க்குப் போற கோச்சிக்கு ஒரு நேரம் போட்டிருந்திச்சு. எங்கட போன்ல பாத்தா அதுக்கு இன்னும் 15 நிமிஷம். அந்த கோச்சி ஒரு நாளைக்கு நாலஞ்சு தரம் ஓடுறதில்ல எண்டு இவருக்குத் தெரியும், தவற விட்டா முடிஞ்சு. அவடத்துக் கடையில மாமிக்கு சோறும் மரக்கறியும் ஓடர் பண்ணி காசும் குடுத்தாச்சு, அத அப்படியே விட்டுட்டு இவர் மகனைத் தூக்க, நான் ரெண்டு பேக்கையும் தூக்க, மகள் மாமிட கையைப் புடிச்சு இழுக்க, ஓடுறம் ஓடுறம், அவடத்த நிண்ட சனமெல்லாம் வேடிக்கை பாக்குது, என்னத்துக்கு இதுகள் ஓடுதுகள் எண்டு. அந்த ஸ்டேஷன்லயே மலேசியா கவுண்டரும் தாய்லாந்து கவுண்டரும் பக்கத்துப் பக்கத்துல இருக்கு, ஒண்டுல வெளிய போற சீல், மத்ததுல உள்ள வாற சீல். ரெண்டையும் குத்தி மூச்சு வாங்கி பிளாட்போமுக்கு வந்தா கோச்சி சும்மா நிக்குது. ஒரு மனுசர் ஏறல்ல.

நேரத்தைக் கேட்டா அங்க நிண்ட கோச்சி காட் சிரிச்சுக்கொண்டு சுவர் மணிக்கூட்டைக் காட்டுறார். தாய்லாந்து நேரம் மலேசியாவை விட ஒரு மணித்தியாலம் பிந்தியது. நீங்க எழுதினது தாய்லாந்து நேரம், நாங்க பாத்தது மலேசியா நேரம். எங்களுக்கு 15 நிமிஷம் இல்ல, ஒண்டே கால் மணித்தியாலம் இருந்திருக்கு!

சரி திரும்பிப் போய் அந்த சோத்தையாவது சாப்பிடுவம் எண்டா ஏலா. மலேசியாவுக்கு எங்கட பாஸ்போட்டுக்கு விசா எடுக்கோணும், எங்களுக்குக் கிடைச்சது ஒருக்கா உள்ள போறதுக்கு மட்டும், வெளிய போற சீல் குத்தினா அந்த விசா செத்துப் போச்சு. கடை கண்ணுக்குத் தெரியுது, போக வழியில்ல. மாமிட பேக்ல கிடந்த முறுக்கை அஞ்சு பேரும் பங்கு போட்டுத் திண்டம். மகன் பசியில கத்தின கத்து, கோச்சி ஹோனை விட பெரிசு. "தாய்லாந்து நேரம்" எண்டு ரெண்டு சொல் எழுத உங்களுக்கு எவ்வளவு மை போகும்?

இன்னொண்டு. தாய்லாந்துக்குப் போறாக்கள் 2025 மே 1ல இருந்து டிஜிட்டல் கார்ட் ஒண்டு ஒன்லைன்ல நிரப்போணும், போய்ச் சேர முந்தின 3 நாளுக்குள்ள. அது ஓசி. அரசாங்கத்துட வெப்சைட்ல ஒரு சதம் கேக்கிறதில்ல. அதுக்கு ஆளுக்கு இவ்வளவு எண்டு எங்கள்ட்ட காசு எடுத்திருக்கு, 4 வயசுப் புள்ளைக்கும் சேத்து. நிரப்பித் தந்த கஷ்டத்துக்கு கூலி எண்டு சொல்லி எடுங்க, நான் தருவன். "கவர்மெண்ட் பீஸ்" எண்டு பில்லுல எழுதாதீங்க.

ஹட்யாய்க்குப் போய் இறங்கினா, பேப்பர்ல "இணைப்பு வான்" எண்டு கிடக்கு. எங்க இருந்து? வான் ஏறுற இடம் ஸ்டேஷன்ல இல்ல, டுக்டுக் ஒண்டு புடிச்சுப் போகோணும், அவனுக்கு இங்கிலீஷ் விளங்கல்ல, எங்களுக்கு தாய்லாந்து பாஷை விளங்கல்ல, இவர் வான் மாதிரி கையைக் காலை ஆட்டி நடிச்சுக் காட்டித்தான் போய்ச் சேந்தம். ஹட்யாய் பொரிச்ச கோழிக்குப் பேர் போன ஊர், மேல பொரிச்ச வெங்காயத்தைத் தூவித் தருவாங்க, வாசம் டுக்டுக்குக்குள்ளயே வருது, வான் வெளிக்கிடப் போகுது எண்டு அதையும் வாங்கல்ல. மாமிக்கு வெள்ளிக்கிழமை விரதம், அவ வாழைப்பழம். பொறகுதான் தெரியும், மஞ்சள் கொடியில சிவப்பா "ஜே" எண்டு தாய்லாந்து எழுத்துல போட்ட கடை சுத்த மரக்கறிக் கடையாம். இது மாதிரி ஒண்டை எழுதியிருந்தா உங்களைக் கோயில்ல வெச்சுக் கும்பிட்டிருப்பா.

வான்ல அஞ்சு மணித்தியாலம். அதப் பத்திச் சொல்ல ஒண்டுமில்ல, மகன் ரெண்டு தரம் சத்தி எடுத்தான், ரெண்டு தரமும் எனக்கு மேல.

ராவு 11 மணிக்கு டிரைவர் "கிராபி, கிராபி" எண்டு இறக்கி விட்டுட்டான். ரூம் எங்க இருக்கு எண்டு போன்ல பாத்தா ஆவ் நாங். கிராபி மாகாணம்தான், பிழை சொல்ல ஏலா, ஆனா கிராபி டவுன்ல இருந்து 20 கிலோமீட்டர் கிட்ட. மட்டக்களப்புல ரூம் எண்டு சொல்லி செங்கலடிக்கு அங்கால போட்ட கணக்கு. இருட்டுக்குள்ள டாக்சி பேரம் பேசி ரூமுக்குள்ள கால் வெக்கக்குள்ள 11.45. நான் ஊர் நேரத்துக்கு மாத்தி எண்ணிப் பாத்தன், விடிய 6 மணியில இருந்து ராவு 10.15 வரைக்கும். பதினாறே கால் மணித்தியாலம். அதுக்கு நீங்க வெச்ச பேர் டிரான்ஸ்ஃபர்.

பிளேன்ல போயிருக்கலாமே எண்டு சொல்லுவீங்க. அஞ்சு டிக்கெட்டுக்கும் பேக்குக்கும் காசு இருந்தா நாங்க ஏன் முதுகுல தூக்கிக்கொண்டு திரியிறம்? ரூமெல்லாம் நல்ல ரூம், விலையும் நியாயம், உங்களைக் கள்ளன் எண்டு சொல்ல வரல்ல. அந்த ஒரு நாளை நாளா எழுதுங்க எண்டுதான் கேக்கிறன். எத்தின மணிக்கு எங்க ஏறுற, அது எந்த நாட்டு நேரம், எங்க இறக்குவாங்க, எல்லையைத் தாண்ட முந்தி புள்ளைகளுக்கு எங்க சாப்பாடு குடுக்கிற. சின்னப் புள்ளைகள், வயசாளிகள் வாறதெண்டா ஹட்யாய்ல ஒரு ராவு தங்கச் சொல்லுங்க, ஒரு ரூம் காசு கூடினா கூடட்டும், அந்தக் கோழியையாவது திண்டுட்டுப் போவம்.

அடுத்த ஸ்கூல் லீவுக்கு மாமி வியட்நாம் எண்டு கேக்கிறா, முழங்காலுக்கு எண்ணெய் பூசிக்கொண்டே கேக்கிறா. உங்கள்ட்டயேதான் வாறம். அந்தப் பழைய பேப்பர்ல அஞ்சாம் நாள் வரிக்குக் கீழ மகள் சிவப்புப் பேனையால நடந்ததெல்லாம் எழுதி வெச்சிருக்கா, பக்கம் காணாம பின்பக்கத்துக்கும் போயிருக்கு. அதையும் கொண்டு வாறன், போட்டோகொப்பி எடுத்துக்கொள்ளுங்க.

இப்படிக்கு,
கல்லடியில இருந்து, முறுக்குல பகல் சாப்பாடு முடிச்ச ஒரு அம்மா