ராடு கணக்குக் கூலியும் வெல்டரின் உயிரும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மண் அள்ளும் எந்திரங்களால் நடக்கும் விபத்து என்றால், எந்திரம் ஓடும்போது நடப்பதைத்தான் எல்லோரும் நினைக்கிறார்கள். அது நின்றுகொண்டிருக்கும்போது, பழுது பார்க்கிறவர்களின் உயிரும் போகிறது. பொக்லைன், லோடர், டிப்பர் என்று பல வருடமாக வெல்டிங் வேலை பார்ப்பவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

எங்களில் நிறையப் பேருக்கு எரித்த ராடை, அதாவது வெல்டிங் குச்சியை, எண்ணித்தான் கூலி. ராடைப் பற்றவைக்கும் முன் செய்யவேண்டிய வேலைக்குக் கூலி கிடையாது. வெல்டிங் அரை மணி நேரம் என்றால், அந்த வேலை சில சமயம் அரை நாள் பிடிக்கும். "வண்டி நிக்குது, சும்மா ரெண்டு டேக் வெல்டு வச்சு விடுப்பா" என்று உரிமையாளர் பக்கத்தில் நின்றால், கூலி இல்லாத வேலையைத்தான் எவனும் முதலில் விடுவான்.

அப்படி விடுபடுவது என்னென்ன? பக்கெட்டைத் தரையில் இறக்கி, எஞ்சினை நிறுத்தி, லைனில் தங்கியிருக்கும் ஹைட்ராலிக் பிரஷரை, அதாவது எண்ணெய் அழுத்தத்தை, இறக்கவேண்டும். அழுத்தத்தைச் சேர்த்து வைக்கும் அக்யூமுலேட்டர் உள்ள வண்டியில் எஞ்சின் நின்ற பிறகும் பிரஷர் அப்படியே இருக்கும். பூமை, அதாவது பக்கெட்டைத் தாங்கும் பெரிய கையை, தூக்கி வைத்துத்தான் வேலை என்றால், தாங்குவதற்கு இரும்பு ஸ்டாண்டு வேண்டும். ஹைட்ராலிக்கை மட்டும் நம்பி அடியில் படுக்கக்கூடாது. எண்ணெய் போகும் ஒரு ஹோஸ் பிய்த்துக்கொண்டால் தலையை இழுத்துக்கொள்ள நேரம் இருக்காது. பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றவேண்டும். இப்போது வரும் வண்டிகளில் கன்ட்ரோலர் என்ற கம்ப்யூட்டர் பெட்டியின் கனெக்டர்களையும் கழற்றச் சொல்கிறார்கள் தயாரிப்பாளர்கள்.

வெல்டிங் கரண்ட் திரும்பிப் போக மாட்டும் எர்த் கிளாம்ப் விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். வெல்டு வைக்கும் அதே துண்டில், பெயிண்டைச் சுரண்டிவிட்டு, முடிந்தவரை கிட்டத்தில் மாட்டவேண்டும். பக்கெட்டில் வெல்டு வைத்துக்கொண்டு எர்த்தைக் கீழே செயினில் மாட்டினால் கரண்ட் மூட்டுகளின் பின், புஷ், மேல்பகுதி சுழலும் ஸ்விங் பேரிங் வழியாகத்தான் திரும்பும். பேரிங்குக்குள் ஆர்க் அடித்துக் குழி விழும். அன்றைக்கு ஒன்றும் தெரியாது. அப்புறம் ஒருநாள் வண்டி திரும்பும்போது சத்தம் வரும். அதற்குள் வெல்டிங்கை எல்லோரும் மறந்திருப்பார்கள்.

எல்லாவற்றையும்விட எனக்குப் பயம் டயர்தான். லோடர், டிப்பர் ரிம்மில் விரிசல் என்று டயரோடு வைத்து வெல்டு அடிக்கச் சொல்கிறார்கள். வீல் நட்டு துருப்பிடித்து வரவில்லை என்று கேஸ் கட்டரில் சூடு காட்டுகிறார்கள். சூட்டில் டயரின் உட்பக்க ரப்பர் வெந்து, எரியும் வாயு உள்ளே சேர்கிறது. அது பற்றிக்கொண்டால் ரிம்மும் ரப்பரும் குண்டுபோலச் சிதறும். காற்றைத் திறந்துவிட்டால் போதும் என்று பலர் நம்புகிறார்கள். போதாது. டயரை ரிம்மிலிருந்து கழற்றியே ஆகவேண்டும். வெல்டிங் முடித்து வெகுநேரம் கழித்தும் வெடிக்கலாம் என்பதால், அப்படிச் சூடேறிய சக்கரத்தின் பக்கம் யாரையும் விடக்கூடாது. காலி டீசல் டேங்கும் இப்படித்தான். உள்ளே நிற்கும் ஆவி போதும்.

வேலையின் தரமும் இதே அவசரத்தில்தான் கெடுகிறது. பக்கெட்டில் பல் மாட்டும் அடாப்டர், அதன் விளிம்பான கட்டிங் எட்ஜ் எல்லாம் கடினமான எஃகு. ஈரம் ஏறாத 7018 ரக ராடும் முன்சூடும் இல்லாமல் அடித்தால், அன்று பளபளப்பாக இருக்கும் வெல்டு ஒன்றிரண்டு நாளில் ஓரத்தில் விரிசல் விடும். மாங்கனீசு எஃகோ நேர் எதிர்; சுமார் 260 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடேற விட்டால் நொறுங்கும் தன்மை வந்துவிடும். எந்த எஃகு என்று பார்க்கவும் நேரம் வேண்டும் அல்லவா? வண்டி கவிழ்ந்தால் ஆபரேட்டரைக் காப்பாற்றும் கேபின் கூண்டில், விளக்கு மாட்டவோ தீயணைப்பு சிலிண்டர் மாட்டவோ வெல்டு வைக்கக் கேட்டால், நான் செய்வதில்லை. தயாரிப்பாளர் அனுமதி இல்லாமல் அதில் துளை போடுவதுகூடத் தப்பு.

எந்திர உரிமையாளர்களிடமும் ஒப்பந்தக்காரர்களிடமும் நான் கேட்பது இதுதான். ராடு கணக்கை விட்டுவிட்டு, கழற்றி மாட்டும் நேரத்தையும் சேர்த்துக் கூலி பேசுங்கள். வேலை முடிந்த பிறகு அரை மணி நேரமாவது தீ பார்க்க ஓர் ஆளை நிறுத்தி, அவருக்கும் கூலி கொடுங்கள். வேலை முடியும்வரை வண்டிச் சாவி வெல்டர் கையில் இருக்கட்டும். ரிம் வேலை என்றால், டயரைக் கழற்றி வைத்த பிறகு எங்களைக் கூப்பிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வெல்டர்